கேமரா இல்லாமல் கியூஆர் கோட்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை அறிவியல் புத்தகத்தை நீட்டினாள். "அண்ணே, இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணினா வீடியோ வருமாம். போனை அப்பா மில்லுக்குக் கொண்டு போயிடுறாங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் தூங்கிடுறேன்" என்றாள். வீட்டில் ஒரே போன். ஆனால் கேபிள்காரர் கொடுத்த பிராட்பேண்ட் இருக்கிறது. பிளஸ் டூவில் எனக்கு அரசு கொடுத்த லேப்டாப்பும் அங்கேதான் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கம்பெனிகளின் லேப்டாப்புகளை எல்காட் டெண்டர் விட்டு வாங்கியது. இப்போது பேட்டரி போய்விட்டது. பிளக்கில் செருகினால் ஓடும்.

கியூஆர் கோட் என்றதும் அதற்குள்ளே பாடமே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு முகவரி மட்டுமே. பாடம் இருப்பது 'திக்ஷா' தளத்தில். அந்தக் கட்டத்தின் அருகே ஆறு எழுத்து, எண்கள் கொண்ட ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, திக்ஷா தளத்தின் தேடல் பெட்டியில் அதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்தப் பாடத்துக்கு உரியவை வரும். தங்கைக்கும் வந்தது. போனைவிடப் பெரிய திரை வேறு!

திக்ஷாவை மத்திய அரசு 2017-ல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இந்தக் கட்டங்கள் 2018-ல் வந்தன. தளத்துக்கு அடிப்படையான 'சன்பேர்ட்' சாப்ட்வேர், நந்தன் நிலேகனி, ரோஹிணி நிலேகனி ஆகியோர் சேர்ந்து தொடங்கிய 'ஏக்ஸ்டெப்' அறக்கட்டளையில் உருவானது. அது ஓப்பன் சோர்ஸ். அதாவது புரோகிராமை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உருவாக்கியவர்கள் நாளை விலகினாலும் அரசு தொடர்ந்து நடத்த முடியும். தனியார் உதவி என்றால் எனக்குப் பிடித்த வகை இதுதான். பெயர்ப்பலகை மாட்டிய கம்ப்யூட்டர் ரிப்பேரானால் வந்து பார்க்க ஆள் இருக்காது.

தங்கையின் தோழி வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, நெட் இல்லை. பாடநூல் கழகம் புத்தகங்களை பிடிஎப் பைலாகவே இலவசமாகத் தருகிறது. டவுன்லோட் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் போன்: "அண்ணே, திறக்கவே மாட்டேங்குது." டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை காப்பி செய்திருக்கிறேன்! சாப்ட்வேர் இன்ஜினியர் என்று வெளியே சொல்ல வேண்டாம். ஐகானின் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். புத்தகம் என்றால் எம்பி கணக்கில் இருக்கும். நான் கொடுத்தது இரண்டு கேபி.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் ஏறினேன்.