உயிரில்லாக் காற்று

பிரான்ஸ் நாட்டு உர மூட்டையில் 'என்' என்ற எழுத்து பெரிதாக இருக்கும். அது நைட்ரஜனின் குறியீடு. ஆனால் அந்த ஊர் விவசாயி அதை 'அசோத்' என்பார். எழுத்து ஒரு பெயருக்கு, பேச்சு வேறொரு பெயருக்கு.

1772-ல் எடின்பரோவில் டேனியல் ரூதர்ஃபோர்டு மூடிய கலத்துக்குள் ஓர் எலியை விட்டார். அது செத்தபின் மிஞ்சிய காற்றில் மெழுகுவத்தியை எரித்தார், பிறகு பாஸ்பரஸை. கரியமில வாயுவையும் காரக் கரைசலில் கழித்துவிட்டார். அப்போதும் கலத்தில் பெரும்பங்கு காற்று இருந்தது. அதில் விளக்கும் நிற்கவில்லை, உயிரும் தரிக்கவில்லை.

1787-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியேயும் நண்பர்கள் மூவரும் வேதிப்பொருட்களுக்குப் புதுப்பெயர் சூட்டியபோது இந்தக் காற்றுக்குக் கிடைத்தது 'அசோத்'. கிரேக்கத்தில் 'சோயே' என்றால் உயிர். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும். அதர்மம், அநியாயம் என்கிறோமே, அந்த 'அ'வுக்கு இது உடன்பிறப்பு.

ஷப்தால் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. எலியைக் கொல்லும் வாயுக்கள் எத்தனையோ இருக்க, இதற்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்? நியாயமான கேள்வி. 'நைட்டர்' எனும் வெடியுப்பில் இருப்பதால், 1790-ல் அவர் சொன்ன பெயர் 'நித்ரோஜென்'. சொந்த நாடு அதை ஏற்கவில்லை; ஆங்கிலம் எடுத்துக்கொண்டது, அதன் வழியே நம் பாடப்புத்தகமும்.

லத்தீனின் பிள்ளைகள் இதில் இரண்டு கட்சி. இத்தாலியில் 'அசோத்தோ', ருமேனியாவில் 'அசோட்'. ஸ்பானியரோ 'நித்ரோஹெனோ' என்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழிதான் வேடிக்கை: லிஸ்பனில் 'அசோத்து' புழங்குகிறது, கடல் கடந்து பிரேசிலுக்குப் போனால் 'நித்ரோஜேனியு'. பிரெஞ்சு வேதியியலாளர்கள் நெடுங்காலம் 'ஏ-இசட்' என்றுகூடக் குறியீடு எழுதினார்கள். பிறகு 'என்'னுக்கு மாறினார்கள். சொல்லை மட்டும் விடவில்லை.

என் ஓட்டு ஷப்தாலுக்கு. நம் தசையின் புரதமும் மரபணுவும் நைட்ரஜன் இல்லாமல் இல்லை. அதைப் போய் உயிரில்லாதது என்பதா? ஆனால் அந்த 'அசோ' ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. துணிக்குப் போடும் அசோ சாயங்கள், வேதியியலின் அசைடுகள் எல்லாம் அதன் வாரிசுகள். எச்.ஐ.வி.க்கென 1987-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான அசிடோதைமிடினின் தொடக்கத்திலும் நிற்பது அதுவே.