பாதி முடித்த படைப்பு அழிந்துபோனால்

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத்தில் பிடித்த மழை மறுநாள் விடிவதற்குள் ஹப்சிகுடா, ராமந்தாபூர் பக்கத்துத் தாழ்வான தெருக்களை மூழ்கடித்தது. வெள்ளம் புகுந்த வீடுகளுக்குத் தெலங்கானா அரசு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஃபிரிட்ஜ், பைக், அரிசி மூட்டை, மெத்தை என்று இழப்பைச் சொல்லச் சொல்லக் கேட்பவர்கள் தலையசைத்தார்கள். இப்படிப்பட்ட வெள்ளத்தில் போகும் வேறு சில பொருள்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதி எழுதிய நாவல், நான்கு வருடத்து ஆய்வேட்டுக் குறிப்புகள், வரைந்து முடிக்காத ஓவியங்கள், பாட்டுகளைச் சேமித்து வைத்த ஹார்ட் டிஸ்க் ஆகியவைதான் அவை.

ஹப்சிகுடா அப்படிப்பட்ட நெடுநாள் வேலையில் ஈடுபட்டவர்கள் நிறைந்த பகுதி. தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இங்குள்ள உப்பல் சாலையில்தான் இருக்கின்றன. உஸ்மானியா பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். தமிழ்நாட்டிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கும் இங்கே குறைவில்லை. ஆய்வேடும் படைப்புதான். வெள்ளம் வந்தால்தான் அழியும் என்றும் இல்லை. மடிக்கணினி திருடுபோகலாம், வழிகாட்டி மாறிப்போய்ப் பழைய தலைப்பே வேண்டாம் என்று ஆகலாம், தயாரிப்பாளர் விலகிப் படம் பாதியில் நிற்கலாம். எப்படிப் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நாட்களில் உடம்பையும் மனதையும் எப்படிக் காப்பது என்பதே இந்தக் கட்டுரை.

இதுவும் இழவுதான்

தாமஸ் கார்லைல் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். முதல் தொகுதியின் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்க்கும்படி நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்தார். வேண்டாத காகிதம் என்று நினைத்து யாரோ அதை அடுப்புக்குப் போட்டுவிட்டார்கள். 1835 மார்ச் 6 அன்று மில் பேயறைந்த முகத்தோடு வந்து செய்தியைச் சொன்னார். அன்று மாலை முழுக்க மில்லுக்கு ஆறுதல் சொன்னவர் கார்லைல்தான். இரவில் தூங்கப் போனார். கனவில் வந்தது எரிந்த காகிதம் அல்ல. செத்துப்போன தந்தையும் தங்கையும் வந்தார்கள் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அவர் மனம் அந்த இழப்பை எந்த வரிசையில் வைத்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் வருவதற்கு ஆள் உண்டு, சமைத்துக் கொடுக்க ஆள் உண்டு, பதினாறாம் நாள் வரை அழ அனுமதி உண்டு. கையெழுத்துப் பிரதி அழிந்தவருக்கு இவை எதுவும் கிடையாது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். சமூகம் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களின் இறுதியில் தனியாக எடுத்து விளக்கினார். வெளியே சொல்ல முடியாததால் அது நீள்கிறது, உள்ளே புகுந்து உடம்பைப் படுத்துகிறது என்பது மனநல மருத்துவர்கள் இன்று நன்றாக அறிந்த செய்தி.

அதனால் முதல் மருந்து, துக்கத்தைத் துக்கம் என்று ஒத்துக்கொள்வது. அழுகை வந்தால் அழுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், என்ன அழிந்தது, அதில் எந்தப் பக்கம் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்பதுவரை விவரமாகச் சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வருத்திய நிகழ்ச்சியைத் தினம் 15 நிமிடம் என நான்கு நாள் எழுதிய மாணவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பலன் சிறிதுதான் என்கின்றன. செலவில்லாத மருந்துக்கு அந்தச் சிறிதும் போதும்.

உடம்பு முதலில் சொல்லும்

பசி அடங்கிவிடும். தூக்கம் இரண்டு மணிக்குக் கலையும். வயிற்றைப் பிசையும், தோள் இறுகும், தலை கனக்கும். அதிர்ச்சியின்போது சுரக்கும் அட்ரினலினும் கார்டிசோலும் செய்கிற வேலை இது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும்.

நெஞ்சு வலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1981 ஜூன் முதல் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட தமிழறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிரிழந்தார் என்பதை யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லிக் கலங்குகிறார்கள். பெரும் அதிர்ச்சி இதயத்தைத் தாக்கும் என்பதை மருத்துவமும் ஏற்கிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த தகோட்சுபோ என்ற நோயில், துக்கச் செய்தியோ திடீர் அச்சமோ இதயத்தின் இடது கீழறையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். மாரடைப்பிலிருந்து இதை வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் கவலையால் வந்தது என்று படுத்துவிடாமல் 108ஐ அழையுங்கள்.

சாப்பாடு அடுத்தது. ஹப்சிகுடாவை ஒட்டிய தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது பிறந்தது நம் குன்னூரில், 1918இல், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில். ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய அந்த ஆய்வை அரசுச் செலவுக் குறைப்பில் 1923இல் மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி தொடங்கினார். 1958இல் அது ஹைதராபாத்துக்கு வந்தது. பாதியில் பறிபோன வேலையை மீண்டும் எடுத்தவரின் நிறுவனம், நம் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று இன்று நாட்டுக்கே சொல்கிறது. துக்க நாட்களில் அந்தத் தட்டு காலியாகக் கூடாது. பசியில்லாவிட்டாலும் நேரத்துக்கு இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் தயிர்சாதம், ஒரு பழம் என்று கொஞ்சமாவது உள்ளே போகட்டும்.

தூக்கத்தைக் கெடுக்கும் முதல் எதிரி இந்த ஊரில் இரானி சாய். காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பிறகு டீயும் காபியும் வேண்டாம். மதுவைத் தூக்க மருந்தாக நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அது தூங்க வைத்துவிட்டு நள்ளிரவில் எழுப்பிவிடும், மறுநாள் மனதை இன்னும் கீழே இறக்கும். மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கவே கூடாது.

உடனே எழுத உட்காராதீர்கள்

கார்லைல் அந்தத் தப்பைச் செய்தார். சூட்டோடு சூடாக எழுத உட்கார்ந்தார், வரவில்லை. பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டு, சில வாரங்கள் மாரியட் எழுதிய கடல் சாகச நாவல்களை மட்டும் படித்துக்கொண்டு கிடந்தார். அதன் பிறகே பேனா நகர்ந்தது. அதே வருடம் இலையுதிர் காலத்துக்குள் முதல் தொகுதியை மறுபடி எழுதி முடித்தார். முழு நூல் 1837இல் வெளிவந்து அவரை நிலைநிறுத்தியது. அந்த நாவல் வாரங்களைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். காயம் ஆறுவதற்கான ஓய்வு அது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் சில நாட்களுக்குள், தூங்கி எழுந்த ஒரு காலையில், நினைவில் இருப்பதை எலும்புக்கூடு போலக் குறித்துவையுங்கள். அத்தியாயத் தலைப்புகள், பாத்திரங்களின் பெயர்கள், முடிவு, மறக்கவே முடியாத இரண்டு மூன்று வரிகள் போதும். அழகாக எழுத வேண்டாம். நோட்டை மூடிவிட்டு நடக்கப் போங்கள்.

நினைவு முழுதாக அழிவதில்லை

மறுபடி தொடங்குபவரைக் கொல்வது ஒரு பயம்: முதலில் எடுத்த நான்கு வருடமும் இனி மறுபடி ஆகும் என்பது. அது உண்மையில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, மறுபடி படித்தார். ஒன்றும் நினைவில்லை என்று தோன்றிய பட்டியலைக்கூட இரண்டாம் முறை படிக்க முன்பைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. இதை அவர் 1885இல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளுக்கே இப்படி என்றால், நீங்கள் வருடக்கணக்காக வாழ்ந்த கதையும், கை பழகிய கோடும், காது பழகிய மெட்டும் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?

நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நினைவை வலுப்படுத்தும் என்பதையும் 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் காட்டினார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் சொன்னார்கள். ஆகவே அழிந்த நாவலின் கதையை ஒரு நண்பருக்கு வாயால் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பாதி நாவல் திரும்ப வரும்.

வராத பகுதியை விட்டுவிடுங்கள். பழையதை வரிக்கு வரி மீட்க முயல்பவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள். அழிந்த பிரதி நாளாக நாளாக மனதில் குறையில்லாததாக வளரும், புதிதாக எழுதும் எந்த வரியும் அதற்கு ஈடாகாது.

சின்னதாக ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தை விட்டுவிட்டதாக அறிவித்தார். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பு அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. அவர் எடுத்தவுடன் பெரிய நாவலோடு திரும்பவில்லை. மௌனமாக இருந்த காலத்தில் எழுதிவைத்த கவிதைகளை 'கோழையின் பாடல்கள்' என்று வெளியிட்டார். அதன் பிறகே 'பூனாச்சி' வந்தது, ஓர் ஆட்டுக்குட்டியின் கதையாக.

மனம் சோர்ந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் வழியும் இதேதான். உற்சாகம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. சிறு செயலைச் செய்தால் உற்சாகம் பின்னால் வரும். காலையில் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே ஒரு பக்கம். முடிந்ததும் எழுந்துவிட வேண்டும், நன்றாக வந்தாலும்கூட. அன்றன்று எழுதியதை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவிட்டு எழுந்தால் இரவுத் தூக்கமும் தேறும்.

விட்டதைப் பிடிக்கும் வெறியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கட்டும் கழுத்தும் பழிவாங்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். விரல் மரத்துப்போனாலோ இரவில் கை எரிந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஊரிலிருந்து அம்மா போன் செய்வார். "விடு கண்ணு, இன்னொரு தடவை எழுதிட்டா போச்சு." அண்ணன் கேட்பார், "ஒரு காப்பி எடுத்து வைக்கத் தோணலையா உனக்கு?" இரண்டும் அன்பில் வருகிற பேச்சுதான், இரண்டும் கத்தியாக இறங்கும். முதலாவது இழப்பைச் சின்னதாக்குகிறது. இரண்டாவது, ஏற்கெனவே ராத்திரியெல்லாம் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பவர் மேல் இன்னொரு சாட்சியை ஏற்றுகிறது. பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். என்ன எழுதியிருந்தாய் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கடைசிவரை கேளுங்கள். வாடகை, குழந்தையின் பள்ளி, மழையில் நனைந்த கேஸ் புத்தகம் போன்ற அலைச்சல்களைச் சில நாள் நீங்கள் எடுத்துக்கொண்டால் அது பெரிய உதவி.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நேரம் சோர்வோ, எதிலும் பிடிப்பின்மையோ இருந்தால், கூடவே தூக்கமும் பசியும் குலைந்து, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், அது துக்கத்தைத் தாண்டி மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். அதற்கு ஆலோசனையும் மருந்தும் உண்டு, குணமும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே உதவி கேளுங்கள். அப்படி நினைப்பவரை வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் தனியே விடக் கூடாது.

ஹைதராபாத்தில் எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். உங்கள் அறைத்தோழரோ மகளோ பாதி வேலையை இழந்து உட்கார்ந்திருந்தால், இந்த எண்ணை அவர் கைபேசியில் இன்றே பதிந்து கொடுங்கள்.