மார்க் வராத பரீட்சை

“அக்கா, எம் பையன் பெரிய பரீட்சை எழுதினானே, மார்க்கு எப்ப வரும்?”

என் தங்கை பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2024 அரையாண்டு லீவுக்கு அங்கே போனபோது, பையைக் கீழே வைப்பதற்குள் அவள் கேட்ட கேள்வி இது. டிசம்பர் 4-ம் தேதி பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வினாத்தாளைக் கொடுத்து, சரியான விடையைக் குறிக்கச் சொன்னார்களாம்.

“மார்க்கே வராதுடி” என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

வாசகிகளே, உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். அன்று நடந்தது ‘பரக்’ என்ற தேசியக் கணக்கெடுப்பு. 3, 6, 9-ம் வகுப்புகளில் சில பள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து நடத்தினார்கள். நாடு முழுதும் 781 மாவட்டங்களில் 21 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். பானைச் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறோமே, அந்தக் கதைதான். பருக்கைக்கு யாராவது மார்க் போடுவார்களா? சோறு வெந்ததா என்பதுதான் கேள்வி. அதனால் இதற்காகப் பிள்ளையை டியூஷனில் தள்ளவோ, மிரட்டவோ வேண்டியதில்லை.

சோறு வெந்ததா?

அகில இந்திய அளவில் வந்த பதில் கவலை தருவதுதான். மூன்றாம் வகுப்பில் 99 வரையுள்ள எண்களைச் சிறியது பெரியது என்று வரிசைப்படுத்தத் தெரிந்தவர்கள் 100-க்கு 55 பேர். ஆறாம் வகுப்பில் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்து கணக்குப் போடுகிறவர்கள் 53 பேர்.

இப்படிப்பட்ட எண்களைப் பார்த்ததும் டீச்சரைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தை நினைக்க வேண்டும். இதற்கு முந்தைய தேசியத் தேர்வு 2021 நவம்பர் 12-ம் தேதி நடந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய நம் தொடக்கப் பள்ளிகள் திறந்தது அதே நவம்பர் 1-ம் தேதி! அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த குழந்தை, அதற்கு முன் வகுப்பறையைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பு என்று ஒன்று அதற்கு இல்லவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகவில்லை என்றால் எப்படி?

அந்தக் குறையை நிரப்பத்தான் 2022 ஜூன் 13-ல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைத் தரம் பார்த்து, அவரவர் நிலையிலிருந்து சொல்லிக் கொடுக்கும் முறை. என் தங்கை மகன் அந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான்.

படத்தை மறைத்தேன்

“இவன் பாடம் பூரா ஒப்பிப்பான், கேளு” என்றாள் தங்கை பெருமையாக. புத்தகத்தைத் திறந்து கடகடவென்று சொன்னான். எனக்கு ஒரு சந்தேகம். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தையைக் காட்டி, “இது என்னடா கண்ணு?” என்றேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தான், அம்மா முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

“பெரியம்மா, முதல்லேருந்து சொன்னாத்தான் வரும்.”

அவன் வாசிக்கவில்லை. பாட்டைப் போல மனப்பாடம் செய்திருந்தான்.

“சரி, தக்காளி கிலோ 12 ரூபா. மூணு கிலோ எவ்வளவு?” கேட்டு முடிப்பதற்குள் “முப்பத்தாறு!” என்றான். அதே கேள்வியைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். விழித்தான். கணக்கு அவனுக்கு வராமல் இல்லை. கணக்கில் இருக்கும் தமிழை வாசிக்க வரவில்லை. எழுத்துப் பரீட்சையில் இந்தப் பிள்ளை கணக்கிலும் தோற்பான்.

தங்கை கண் கலங்கிவிட்டாள். “நான் அஞ்சாவதோட நின்னவ. எனக்கு எப்படிக்கா தெரியும்?”

அவள் ஒருத்தி மட்டுமல்ல. 2011 சென்செஸில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. மாநிலம் 80 சதவிகிதம் இருக்க, இங்கே 68.5. பெண்களில் 60 பேர் அளவுக்குத்தான். ஆனால் பிள்ளையைக் கவனிக்க அம்மா பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பேசி முடிவு செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்யலாம்

* நாலு படி சோதனை: ‘அசர்’ என்ற கிராமப்புறக் கணக்கெடுப்பில், வீட்டுக்கே வந்து குழந்தையை எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்வார்கள். நீங்களும் செய்யுங்கள். எந்தப் படியில் நிற்கிறானோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

* கடைசியிலிருந்து கேளுங்கள்: வரியின் கடைசி வார்த்தையில் விரல் வைத்து, பின்னாலிருந்து முன்னே சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடமா, வாசிப்பா என்று அப்போதே தெரிந்துவிடும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* புளியங்கொட்டைக் கணக்கு: நம் ஊரில் இதற்குப் பஞ்சமா? பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதையே சிலேட்டில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். வாயும் கையும் எழுத்தும் சேர வேண்டும்.

* வயிறும் கண்ணும்: பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள், நேரத்தோடு அனுப்புங்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் பார்த்தால் ‘மக்கு’ என்று திட்டாமல் கண்ணைச் சோதியுங்கள்.

* லீவு போட வைக்காதீர்கள்: கல்யாணம், காதுகுத்து, தக்காளி பறிப்பு, பெங்களூர் வேலை என்று பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனால் படி படியாக ஏறியது சரிந்துவிடும். பாட்டி வீட்டிலாவது விட்டுச் செல்லுங்கள்.

* கூட்டத்துக்குப் போங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். “என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?” என்று டீச்சரைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அரும்பு என்றால் அவமானம் இல்லை. எங்கே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் தங்கை கேட்டுக்கொண்டாள். தினம் ராத்திரி கேழ்வரகுக் களி கிண்டி இறக்கிய பிறகு கால் மணி நேரம். டீச்சரிடமும் போய்ச் சொன்னாள். “நீங்க வந்து சொன்னதே பாதி பலம்மா” என்றாராம் அவர்.

ஐந்து மாதம் கழித்து, மே லீவில் பையனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருந்தேன். இறங்கியவன், நின்றிருந்த இன்னொரு பஸ்ஸின் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டி, “பென்..னா..க..ரம். பென்னாகரம்! பெரியம்மா, நானே படிச்சேன்” என்றான்.

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கேட்ட மார்க் அன்றைக்கு வந்துவிட்டது.