பெயரறியாக் கப்பல்

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் பல்லாண்டுகள் எழுதியவன் நான். அவ்வேட்டைப் புரட்டுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். ஊர்ப் பிள்ளைகள் பலர் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே பிறந்திருப்பார்கள்! பிள்ளைக்குச் சேர்க்கை வயது நிரம்பியிருக்க வேண்டும். தந்தையார்க்கோ பிறந்த நாள் நினைவில் இராது. ஆகவே, பள்ளி திறக்கும் காலத்திற்கு ஏற்ற ஒரு தேதியை எழுதிவிடுவது வழக்கமாயிற்று. இதனால் அவ்வேடு பொய்யேடு என்று தள்ளிவிடலாமா? கூடாது. பிள்ளையின் தந்தை யார், எந்த ஊர், என்று பள்ளியில் சேர்ந்தான் என்பவற்றுக்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை. ஓர் ஏடு எதன்பொருட்டு எழுதப்பட்டதோ அதற்கு நன்றாக விடை கூறும். பிறவற்றுக்கு அரைகுறையாகவே கூறும். வரலாறு பயிலும் மாணவர் முதற்கண் அறிய வேண்டிய பாடம் இது. இதனை ஒரு கப்பலின் கதையால் விளக்க விரும்புகின்றேன்.

வட அமெரிக்காவில் பேரேரிகள் என வழங்கும் ஐந்து ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுரக் கிலோமீட்டர். பெயரளவில் ஏரியே ஒழிய, அலையிலும் புயலிலும் அது கடலுக்கு இளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வேரிகளின் வழியே மரமும் கோதுமையும் இரும்புத் தாதுவும் சென்றன. அவற்றைச் சுமந்தவற்றுள் பெரும்பாலானவை ஸ்கூனர் என்னும் பாய்க்கப்பல்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்களில், கப்பலின் நீளவாட்டத்திலேயே பாய்களைக் கட்டுவது இவ்வகையின் இயல்பு. பாய்களைத் தளத்தில் நின்றே இயக்கலாம். ஆகையால் மாலுமிகள் சிலரே போதும். சிறு முதல் உடையவரும் இத்தகைய கப்பலை வைத்திருக்க முடிந்தது. அதனாலேயே இவற்றுள் பலவற்றைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் எவரும் இலர்.

1967-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மிச்சிகன் ஏரியின் கிளையாகிய கிரீன் பே வளைகுடாவில், சேம்பர்ஸ் தீவுக்கு அருகில், மீனவர் ஒருவரின் வலை அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. அதனை விடுவிக்க இறங்கிய நீர்மூழ்குநர் பிராங்க் ஹாஃப்மன், ஏறத்தாழ 110 அடி ஆழத்தில் ஒரு மரக்கப்பல் நிமிர்ந்த நிலையில் அமர்ந்திருக்கக் கண்டார். பாய்மரங்கள் நின்றுகொண்டிருந்தன. ஆனால் அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. 'மர்மக் கப்பல்' என்றே மக்கள் அதனை வழங்கலாயினர்.

மரம் அத்துணை ஆண்டுகள் கெடாதிருந்தது எங்ஙனம் எனக் கேட்பீர்கள். கடல்நீரில் மரத்தைத் துளைத்து உண்ணும் ஒருவகை உயிர் உண்டு. நன்னீரில் அது வாழ்வதில்லை. ஏரியின் ஆழத்தில் நிலவும் குளிர், மரத்தை அழிக்கும் நுண்ணுயிர்களின் வேலையையும் மெதுவாக்குகின்றது.

இனி, பெயரறியாக் கப்பலின் பெயரைக் காணும் வழி யாது? ஏடுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அரசாங்கப் பதிவுச் சீட்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1793-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்நாட்டு வாணிகக் கப்பல்கள் சுங்கச் சாவடியில் பதியப்பெற்றன. கப்பலின் பெயர், உடையவர், தலைவர், கட்டிய ஊர், ஆண்டு, நீள அகல ஆழங்கள், தளம் எத்தனை, பாய்மரம் எத்தனை என்பன அதிற் காணப்படும். கப்பல் கைம்மாறினாலும் மூழ்கினாலும் பழைய சீட்டைத் திருப்பித் தருதல் வேண்டும். காரணமும் அதன்மீது குறிக்கப்படும். ஆயினும், இச்சீட்டு வரிக்கும் உரிமைக்குமாக எழுதப்பட்டது. கப்பல் மூழ்கிய இடத்தை அது காட்டாது.

இரண்டாவது, துறைமுக ஊர்களின் செய்தித்தாள்கள். எந்தக் கப்பல் வந்தது, எது சென்றது, எது திரும்பவில்லை என்ற செய்திகளை அவை நாள்தோறும் வெளியிட்டன. மூழ்கிய இடமும் இறந்தோர் தொகையும் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். ஆனால் முதற்செய்தி அவசரச் செய்தி. அடுத்த வாரத்து இதழையும் படித்த பிறகே அதனை நம்புதல் நலம்.

மூன்றாவது, காப்பீட்டாளர் பட்டியல். கப்பலின் தரத்தையும் மதிப்பையும் அது கூறும். காப்பீடு பெறாத பழைய சிறு கப்பல்களை அதில் தேடிப் பயனில்லை.

இவற்றைப் படிப்பவரை வழுக்கி விழச் செய்யும் இடங்களும் உள. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்தன. பாயமைப்பை மாற்றிக் கட்டியதால் ஒரே கப்பல் ஈரிடங்களில் இருவேறு வகையாகக் குறிக்கப்படுதலும் உண்டு. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் கொள்ளளவைக் கணக்கிடும் முறையையே மாற்றிவிட்டது. அதனால், ஒரு பலகையும் கூட்டாமல் குறைக்காமல், அதே கப்பல் புதிய ஏட்டில் வேறொரு டன் கணக்கோடு தோன்றும். இதை அறியாதவர், ஒரு கப்பலை இரண்டாக எண்ணி மயங்குவர். 1866-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் வழங்கி, அதனை முதன்மை உத்தரத்தில் செதுக்கச் செய்தனர். பெயர் மாறினும் எண் மாறாது. அதற்கு முன்பு மூழ்கிய கப்பலுக்கோ அந்த அடையாளமும் இல்லை.

ஏடு தடுமாறும்போது கப்பலின் உடலே பேசும். எடுத்துக்காட்டாக, நயாகரா அருவியைச் சுற்றிச் செல்ல வெட்டிய வெலண்டு கால்வாய், 1845-இல் திருத்திக் கட்டப்பட்டது. கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் அப்பொழுது 150 அடி நீளமும் இருபத்தாறரை அடி அகலமும் பெற்றன. ஆகவே, ஏறத்தாழ 140 அடி நீளமும் 26 அடி அகலமுமாகப் பெட்டி போன்ற வடிவில் ஒரு கப்பல் கிடைத்தால், அது அக்கால்வாயை எண்ணிக் கட்டியதாகலாம் என ஊகிக்கலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். மர்மக் கப்பலின் அளவையும், அதனுள் கிடைத்த பொருள்களையும், கிடந்த இடத்தையும் பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டனர். 1864 ஜூன் 29-ஆம் நாள், மரம் ஏற்றிவருவதற்காக வெறுங்கப்பலாகச் சென்ற ஒரு ஸ்கூனர், திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்து அவ்விடத்தே மூழ்கியது. ஐவருள் தலைவர் உள்ளிட்ட மூவர் மாண்டனர், இருவர் பிழைத்தனர். சரக்கறை வெறுமையாக இருந்ததும் இதற்கு ஒத்தது. அதன் பெயர் 'ஆல்வின் கிளார்க்'. ஒரு சான்று மட்டும் இதனை உறுதி செய்யவில்லை. தம்முள் தொடர்பற்ற பல சான்றுகள் ஒரே பெயரைச் சுட்டின. அதுவே ஆராய்ச்சியின் வலிமை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. 1969 ஜூலையில் கப்பலை மேலே தூக்கினர். நீரை இறைத்ததும், நூற்றைந்து ஆண்டுகள் மூழ்கிக் கிடந்த அக்கப்பல் தானே மிதந்தது! மெனாமினி என்னும் ஊரில் அதனைக் காட்சிக்கு வைத்தனர். 1974-இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பெற்றது. ஆனால், நீரில் ஊறிய மரத்தின் நுண்ணறைகளைத் தாங்கி நிற்பது அந்நீரே. அது வற்றினால் மரம் சுருங்கிப் பிளக்கும். ஸ்வீடன் நாட்டார், 1628-இல் மூழ்கிய 'வாசா' கப்பலை 1961-இல் எடுத்தபின், நீருக்கு மாற்றாக நிற்கும் ஒரு வேதிப்பொருளைப் பதினேழு ஆண்டுகள் அதன்மீது தெளித்தனர். அத்தகைய பொருள் வசதி ஆல்வின் கிளார்க்குக்குக் கிட்டவில்லை. வெயிலிலும் மழையிலும் பனியிலும் சிதைந்து, 1994-இல் அது இடித்து அகற்றப்பட்டது.

அதனைத் தூக்கியவர்கள் தீயவர் அல்லர்; கப்பலை நேசித்தவர்களே. எனினும், ஏரி ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்த ஒன்றை மனிதர் கால் நூற்றாண்டு காக்க இயலவில்லை. இப்படிப்பினையால் இந்நாளில் ஆய்வாளர் கப்பலை இருந்த இடத்திலேயே விட்டு, அளந்து, வரைந்து, படமெடுத்துக் கொள்கின்றனர். ஹியூரான் ஏரியில் 2000-ஆம் ஆண்டிலும், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையோரம் 2021-ஆம் ஆண்டிலும் மூழ்கிய கப்பல்களுக்கெனக் காப்பிடங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் அவகாசம் மிகுதியாக இல்லை. 1980-களில் அயல்நாட்டிலிருந்து வந்து புகுந்த மட்டிகள், மூழ்கிய மரங்களின்மேல் அடர்ந்து படர்ந்து வருகின்றன.

மாணவர்களே, ஊர்க் கோயிலில் ஒரு கல்வெட்டோ, வீட்டுப் பரணில் ஒரு பழைய ஓலையோ உங்கள் கைக்கு எட்டலாம். அதனைத் தேய்க்குமுன், கழுவுமுன், இடம் பெயர்க்குமுன், இருந்தபடியே எழுதி வையுங்கள். ஒரு சான்றைக் கண்டவுடன் முடிவு கூறாது, மற்றொன்றைத் தேடுங்கள். பெயர் தெரியாமற் போன மனிதரும் பொருளும் நம்மிடம் எதிர்பார்ப்பது அந்தப் பொறுமையைத்தான்.