ஆப்பும் அச்சமும்

1958ஆம் ஆண்டிலே கண்டி மாநகரில் பௌத்த வெளியீட்டுச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, அச்சநோய்ச் சிகிச்சை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். இவ்விரண்டிற்கும் தொடர்பு யாதென வாசகர்கள் வினவலாம்.

முதலில் ருஷ்ய அறிஞர் பவ்லோவின் சோதனையை நினைவுகூர்வோம். அவர் நாய்க்கு உணவளிக்கும்போதெல்லாம் ஓர் ஒலியையும் எழுப்பினார். நாளடைவில் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரந்தது. இதனை நிபந்தனைப்படுத்தல் என்பர். அச்சமும் இவ்வாறே பற்றிக்கொள்வதுண்டு. நாய் கடித்த குழந்தை, குரைப்பொலி கேட்டாலே நடுங்குகின்றது.

உடல் தளர்ந்து உள்ளம் அமைதியுற்றிருக்கையில், அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நினைக்கச் செய்தார் வோல்பே. அமைதியும் அச்சமும் ஒருங்கே குடியிரா என்பது அவர் கொள்கை.

கண்டிச் சங்கம் சிறுநூலாக வெளியிட்ட பாளிச் சூத்திரமான விதக்கசந்தானம், தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் அகற்றுமாறு கூறுகின்றது. தச்சன் நுண்ணிய ஆப்பினால் பருத்த ஆப்பை வெளியேற்றுவது அதற்கு உவமை. வேண்டாத எண்ணங்களை நீக்கும் இத்தகைய பண்டை முறைகளை நவீன சிகிச்சையுடன் ஒப்பிட்டு, இலங்கை உளவியலாளர் பத்மல் டி சில்வா 1985இல் கட்டுரை வரைந்தார்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: அஞ்சும் குழந்தையை அதட்டற்க, நாயருகே வலிந்து இழுத்தும் செல்லற்க. தாயின் மடியிலிருந்தவாறே சாதுவான நாய்க்குட்டியைத் தொலைவில் காணட்டும்; நாளுக்கு நாள் தூரம் குறையட்டும். அச்சம் மிகுந்து உணவும் உறக்கமும் கெடுமாயின், மருத்துவரை நாடுதல் நலம்.