தந்தையார் பெயரும் பிறந்த ஊரும்

தமிழ்ப் பதிப்புலகில் 'சி. வை.' என்னும் ஈரெழுத்துக்களை அறியாதார் இலர். முன்னது சிறுப்பிட்டி என்னும் யாழ்ப்பாணத்துச் சிற்றூரையும், பின்னது வைரவநாதர் என்னும் தந்தையார் பெயரையும் குறிப்பன. சென்னையிலும் கும்பகோணத்திலும் புதுக்கோட்டையிலும் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த தாமோதரம்பிள்ளையவர்கள், அச்சேற்றிய நூல்களின் முகப்பிலெல்லாம் தம் ஊரையும் தந்தையையும் உடன் கொண்டே சென்றார். அவரைப் பதிப்பாசிரியராக நினைவுகூர்ந்தோர் பலர். அவர் ஒரு குடும்பத் தலைவராகவும் தந்தையாகவும் இருந்தாரென்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

1832ஆம் ஆண்டிற் பிறந்த அவர், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அமெரிக்க மிஷனாரிடம் கற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக நடாத்திய பி.ஏ. பரீட்சையில் 1857ஆம் ஆண்டு தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டையில் அவருக்கு ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு ஒருங்கே தோற்றித் தேறிய அந்நிகழ்ச்சியை நம் பாடசாலைகளில் இன்னும் அடிக்கடி சொல்லலாம்.

பின்னர் அவர் கணக்குப் பகுதி உத்தியோகத்தரானார், சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞரானார், புதுக்கோட்டையில் நீதிபதியுமானார். இவ்வுத்தியோகங்களைப்பற்றி விரித்துரைக்கவேண்டியதில்லை. அவை பொருளீட்டும் வழிகள். ஈட்டிய பொருள் எங்கே போயிற்று என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அதன் ஒரு பகுதி ஏழாலைக்கு வந்தது. 1876ஆம் ஆண்டில் அவ்வூரிலே சைவப் பாடசாலையொன்றை அவர் நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராயிருந்தார் என்றால் அப்பாடசாலையின் தரத்தை உய்த்துணரலாம். கடல் கடந்து சென்று உயர்ந்தவர்கள் ஊரை மறப்பது எக்காலத்தும் உள்ள வழக்கம். மறவாதோர் பணம் அனுப்புவர். பிள்ளையவர்கள் ஊரிலே கல்வியை நிலைநாட்ட முற்பட்டார்.

பெரும்பகுதி பனையோலைக்குச் சென்றது. அக்காலத்துத் தமிழ் நூல்களின் நிலையை இக்கால மாணவர் கற்பனை செய்வதும் அரிது. பரண்களிலும் மடங்களிலும் செல்லரித்துக் கிடந்த சுவடிகளைத் தேடி அலையவேண்டும், உடையவர் இரங்கிக் கொடுத்தாற் பெறவேண்டும், ஆளமர்த்திப் படியெடுக்கவேண்டும், பிரதிகளை ஒப்புநோக்கி வழுக்களையவேண்டும், இறுதியாக அச்சுக்கூலியும் கொடுக்கவேண்டும். அச்சிட்ட நூலோ விலைப்படாது. நீதிமன்றிலே பகற்பொழுதைச் செலவிட்டவர் எஞ்சிய பொழுதில் இவ்வளவையுஞ் செய்தார். வீரசோழியம் 1881இலும், இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இலும் வெளிவந்தன. சங்கத் தொகைநூலொன்று முழுமையாக அச்சிற் கிடைத்ததென்றால் அது அவர் கைப்பொருள் கரைந்ததன் பயன்.

அவர் பதிப்பிற் குறையே இல்லையென்பது புகழ்ச்சியாகும், உண்மையாகாது. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரையென்றே அவர் வெளியிட்டார். இறுதி நான்கியல்களின் உரை பேராசிரியருடையதென்று பின்வந்த அறிஞர் நிறுவினர். ஆயினும் அச்சில் அவ்வுரை முன்னே கிடந்தமையாலன்றோ பின்னவர் ஆராய்ந்து திருத்த முடிந்தது! முதலில் வழி வெட்டுபவன் காலில் முள் தைப்பது இயல்பு.

பொருளில் மட்டுமன்றி மனத்திலும் அவர் வள்ளல். 1870இற் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியாரின் புலமையைக் கண்டு, தம்மினும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு இளையவரான அவரைத் 'திராவிட சாஸ்திரி' என்று பெயரிட்டுப் பாராட்டியவர் அவரே. இளைஞரைப் புகழ முதியோர்க்கு எளிதில் வாய் வராது என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

இனி அவர் மகனைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிறிஸ்தவச் சூழலிற் கற்று வளர்ந்த தாமோதரம்பிள்ளை சைவத்துக்கு மீண்டவர். ஆறுமுக நாவலரோடு அணுக்கமானவர். நாவலர் பரிசோதித்த சேனாவரையத்தை 1868ஆம் ஆண்டில் வெளியிட்டவர். அத்தகையாரின் மகன் அழகசுந்தரம், 1873ஆம் ஆண்டிற் பிறந்தவர், கிறிஸ்து சமயத்தைத் தழுவி பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயருடன் போதகரானார். தந்தை விட்டுவந்த வாயிலினூடே மகன் உட்புகுந்தார். இதனைக் குடும்பத்தின் தோல்வியென்று சிலர் முணுமுணுத்திருத்தல் கூடும். சமயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவ்வாறு தோன்றுவது இயல்பே.

ஆனால் ஏட்டுச் சுவடிகளிடையே வாழ்ந்த ஒருவரின் பிள்ளைக்குக் கிடைத்த முதுசொம் வேறு. போதகர் கிங்ஸ்பெரி தமிழை விடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். அதற்கு முன், பெங்களூர் இறையியற் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில், பிலிப்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு கூடி ஒரு நூலை ஆக்கினார். சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரின் பாடல்களைத் தெரிந்தெடுத்து ஆங்கிலத்திற் பெயர்த்த நூல் அது.

தாமோதரம்பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாந் தேதி காலமானார். தேவார திருவாசகங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற மகனின் நூல் 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. தந்தையார் அதனைக் காண இருபதாண்டுகள் இருந்தாரல்லர்.