எஞ்சினைக் காத்தவன் கும்பல்காரனா?

கப்பலின் பெயர் ‘சன் சீ’. அதிலே இலங்கைத் தமிழர் 492 பேர். ஆளுக்கு 20,000 டாலர், 30,000 டாலர் என்று பேரம் பேசி ஏற்றியவன் எவனோ, ஏறியவர்களோ ஏதிலிகள்! ஓட்ட வந்த தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போய்விட்டனர். பிறகு? கடலிடம் கெஞ்சினால் கரை கிடைக்குமா? பயணிகளிலே பன்னிரண்டு பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டனர். மூன்று மாதப் பயணம். 2010 ஆகஸ்டில் கனடாவின் மேற்குக் கரையைக் கண்டனர்.

அந்தப் பன்னிருவரில் ஒருவர், வழக்கேட்டில் அவருக்குப் பெயரில்லை, ‘பி010’ என்ற குறிதான், எஞ்சின் அறையில் நாளுக்கு இரண்டு ஷிப்டு, ஷிப்டுக்கு மூன்று மணி நேரம் நின்றார். சூடு பார்த்தார், தண்ணீர் பார்த்தார், எண்ணெய் பார்த்தார். ஆலையிலே கொதிகலன் காக்கும் தோழருக்குத் தெரியும், அந்த வேலையை எவரும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று! இன்னொருவர் சமைத்தார், தொலைநோக்கியோடு காவல் நின்றார். பெற்றது உணவும் மருந்தும்.

கனடா சர்க்கார் இவர்களுக்குச் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா, தோழர்களே? குற்றக் கும்பலின் கையாட்கள்!

குடிவரவுச் சட்டத்தின் 37ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. குற்றக் கூட்டத்தின் உறுப்பினன் என்றோ, ஆட்களைக் கள்ளத்தனமாக நாடு கடத்திக் கொண்டுவரும் தொழிலில் ஈடுபட்டவன் என்றோ ‘நம்ப நியாயமான காரணம்’ இருந்தால் போதும். தண்டனைத் தீர்ப்பு தேவையில்லை. வெறும் சந்தேகத்துக்கு ஒரு படி மேலே இருந்தால் சரி! முத்திரை விழுந்ததும் அகதி மனு விசாரணைக்கே போகாது. குடிவரவு மேல்முறையீட்டு மன்றமும் கதவைச் சாத்திக்கொள்ளும். கூட்டாட்சி நீதிமன்றத்தைத் தட்டலாம். அங்கும் முதலில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், முடிவு சரியா என்று அந்த மன்றம் புதிதாக ஆராயாது. நியாயத்தின் எல்லைக்குள் நிற்கிறதா என்றுதான் பார்க்கும்.

2012இல் அந்த மன்றம் பி010ஐக் கைவிட்டது. 2013இல் அதற்கு மேலான மன்றமும் கைவிட்டது. 2015 நவம்பர் 27இல்தான் உச்சநீதிமன்றம், தலைமை நீதிபதி பெவர்லி மக்லாக்லின் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது: இவன் தேடிய ஆதாயம் என்ன?

எவ்வளவு எளிய கேள்வி! 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை, பொருள் ஆதாயத்தைக் குற்றத்தின் அடையாளமாகவே வைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையோ, உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவனை வந்த வழிக்காகத் தண்டிக்காதே என்கிறது. கனடா இரண்டையும் ஏற்றுக்கொண்ட நாடுதான்! நாடு கடந்த குற்றத்தொழிலில் காசோ வேறு பொருளோ தேடியவனைத்தான் பிரிவு பிடிக்கும். உடன் தப்பி வந்தவர்க்குக் கைகொடுத்தவனை அன்று, என்றது மன்றம்.

கடத்தல்காரனை விட்டுவிடச் சொல்கிறோமா? இல்லை. ஆயிரமாயிரம் டாலர் வாங்கியவனைப் பிடிக்கட்டும். எண்ணெய் பார்த்தவனைப் பிடித்து, அவனைப் பிடித்துவிட்டோம் என்று முழங்குவதுதான் வேடிக்கை.

ஆனால், ‘உறுப்பினன்’ என்ற சொல்லின் கதை வேறு. டொராண்டோத் தமிழ்க் கும்பல் ஒன்றைப் பற்றிய 2006ஆம் ஆண்டு வழக்கில், கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம், என்றோ உறுப்பினனாக இருந்திருந்தாலும் போதும் என்றது. ‘அமைப்பு’ என்பதற்கும் விரிந்த பொருளே கொடுத்தது. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு கள்ளக்கடத்தல் பற்றிய பகுதிக்கே பொருள் சொன்னது. உறுப்பினன் பற்றிய பகுதியைத் தொடவில்லை.

பி010க்குக் கிடைத்ததும் குடியுரிமை அன்று. வழக்கு மீண்டும் அதே குடிவரவு வாரியத்துக்கே திரும்பிற்று, கப்பல் கரை சேர்ந்து ஐந்தாண்டு கழித்து.